டிவி பாக்ஸ்ல மட்டும் சவுண்ட் வெட்டுது, எமுலேட்டர் ஆப் பண்றவங்க கொஞ்சம் பாருங்க

பிக்சல்பாண்டி:
வணக்கம் மக்களே. ஆண்ட்ராய்டு போனுக்கும் டிவிக்கும் சேர்த்து ஒரே ரெட்ரோ எமுலேட்டர் ஆப் (பழைய கேம் கன்சோல் மாதிரியே நடிச்சு அதோட கேம ஓட்டுறது) பண்ணிட்டு இருக்கேன், உள்ள லிப்ரெட்ரோ கோர்கள்தான் (கன்சோலுக்கு ஒண்ணா இருக்குற ரெடிமேட் எமுலேட்டர் எஞ்சின்), நெஸ், சூப்பர் நெஸ், மெகா டிரைவ்னு மூணு பழைய கன்சோலும் ஓடுது. போன்ல அட்டகாசமா போகுது. அதையே டிவி பாக்ஸ்ல போட்டா நெஸ் கேம்ல அரை நிமிஷத்துக்கு ஒரு தடவ சவுண்ட் டொக்குனு வெட்டுது, சிபியு பாதி கூட ஏறல, அப்புறம் ஏன்னு புரியல. விசிங்க் (படத்த டிவியோட ரெஃப்ரெஷ் வேகத்தோட ஒட்டி ஓட்டுறது) ஆன்ல இருக்கு, ஆடியோ பஃபர் (ஒலிக்கிறதுக்கு முன்னாடி சவுண்ட சேத்து வைக்கிற எடம்) சுமார் 3,000 சாம்பிள், அவுட்புட் 48,000 ஹெர்ட்ஸ். இன்னொன்னு, கேம்பேட்ல பி பட்டன அமுக்குனா கேம விட்டே வெளிய போயிடுது. எல்லாம் சரியாச்சுன்னா சின்னதா ஒரு விலை வச்சு ஸ்டோர்ல போடலாம்னு ஆசை.

ஃபிரேம்ராஜா:
பாக்ஸ் வேகம் பத்தலன்னு நெனைக்காதீங்க ப்ரோ, இது வெறும் கணக்கு. என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பான் டிவி முறை) நெஸ் நொடிக்கு 60 ஃபிரேம் கெடையாது, 60.0988. உங்க டிவி சரியா 60ல நிக்குது, விசிங்க் போட்டதால கோரும் 60லயே ஓடுது, அப்போ நொடிக்கு 48,000 சாம்பிள் வர வேண்டிய எடத்துல சுமார் 47,921தான் வருது. நொடிக்கு 79 சாம்பிள் குறையுது, 3,000 பஃபர் 38 நொடில காலி, அங்கதான் அந்த டொக். சில டிவி 59.94ல ஓடும், அதுல இன்னும் சீக்கிரமா வெட்டும். போன்ல பேனல் ரேட் மாடலுக்கு மாடல் லேசா மாறும், உங்க போன்ல அது தோதா அமைஞ்சிருக்கலாம், அத நம்பி ரிலீஸ் பண்ணாதீங்க.

பஃபர பெருசாக்குனா வெட்டுறது தள்ளித்தான் போகும், நிக்காது, லேக் வேற ஏறும். டைனமிக் ரேட் கன்ட்ரோல் போடுங்க, லிப்ரெட்ரோ கோர்கள ஓட்டுற பிரபல ஆப்பான ரெட்ரோஆர்ச் பண்றதும் அதேதான்: ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பஃபர் எவ்வளவு நிரம்பியிருக்குனு பாத்து, பாதிக்குக் கீழ போனா ரீசாம்பிள் விகிதத்த (கோர் தர்ற சவுண்ட எத்தன சாம்பிளா மாத்துறோம்ங்கிறது) ஒரு துளி ஏத்துங்க, மேல போனா எறக்குங்க. அரை சதவீதத்துக்குள்ள வச்சுக்கோங்க, உங்களுக்குத் தேவை 0.16தான், அந்த ஸ்ருதி மாற்றம் காதுக்குத் தெரியவே தெரியாது. ஆனா ஐரோப்பாவோட பால் (PAL) டிவி முறைக்கு வந்த கேம்கள் 50 ஹெர்ட்ஸ், அத இந்த வித்தைல 60க்கு இழுக்க முடியாது, டிவி சப்போர்ட் பண்ணா டிஸ்ப்ளே மோடையே 50க்கு மாத்துங்க.

சோபாடெவ்:
சவுண்டுக்கு மேல சொன்னதே போதும், நான் மத்தத சொல்றேன். பி பட்டன நீங்க ஹேண்டில் பண்ணலன்னா ஆண்ட்ராய்டு அதயே பேக் பட்டனா மாத்தி மறுபடி அனுப்பும். கேம் ஓடும்போது அந்த கீ ஈவென்ட்ட வாங்கிட்டு ட்ரூ ரிட்டர்ன் பண்ணுங்க, டவுன் (அமுக்குறது), அப் (விடுறது) ரெண்டுக்கும்.

மெனு மொத்தமும் ரிமோட்டோட நாலு அம்பு, ஓகே, பேக் இத மட்டும் வச்சே போகணும், டச் தேவையில்லனு மேனிஃபெஸ்ட்ல (ஆப்போட விவர ஃபைல்) போடலன்னா டிவி ஸ்டோர்ல ஆப்பே காட்டாது. முக்கியமா 32 பிட் பில்டையும் சேர்த்து குடுங்க, நெறைய டிவி ஸ்டிக்ல ப்ராசஸர் 64 பிட்டா இருந்தாலும் சிஸ்டம் 32 பிட்லதான் ஓடும், பல பேர் இங்கதான் கோட்டை விடுறாங்க.

படம் பத்தி ஒண்ணு, இதுல எனக்கு ரொம்ப அக்கறை. நெஸ் 240 வரி. 4கே டிவியோட 2160ல சரியா 9 மடங்கு ஒக்காரும், ஆனா 1080ல 4.5 மடங்கு, அப்படியே நீட்டுனா ஸ்க்ரோல் ஆகும்போது வரி வரியா துடிக்கும். 1080ல 4 மடங்கோட நிறுத்தி சுத்தி கருப்பு விடுங்க. கேம் ஓடுற ஸ்க்ரீன்ல டிவியோட கேம் மோட ஆன் பண்ணச் சொல்லி ஒரு வரி காட்டுங்க, நீங்க கோட்ல மிச்சம் பிடிக்கிற ரெண்டு மில்லிசெகண்ட விட அதுல கெடைக்கிறது பல மடங்கு.

லைசென்ஸ்லதா:
விலை வைக்கிறதுக்கு முன்னாடி கோரோட லைசென்ஸ்களப் படிங்க பாண்டி. சூப்பர் நெஸ்ஸுக்கான ஸ்நெஸ்9எக்ஸ், மெகா டிரைவுக்கான ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ் ரெண்டு கோரும் வணிகத்துக்குக் கூடாதுனே எழுதியிருக்கு, விளம்பரம் போட்டு சம்பாதிச்சாலும் அதே கததான். வருஷக்கணக்கா ராத்திரி முழிச்சு எழுதுனவங்க உழைப்பு, அவங்க சொன்னத மதிக்கணும். நெஸ் கோர்களான நெஸ்டோபியா, எஃப்சிஇயூஎம்எம் ரெண்டுக்கும் ஜிபிஎல்ங்கிற ஓபன் சோர்ஸ் லைசென்ஸ், விக்கலாம், ஆனா சோர்ஸ் கோட குடுத்தாகணும். கேம்பாய் அட்வான்ஸுக்கான எம்ஜிபிஏ கோருக்கு எம்பிஎல் 2.0 லைசென்ஸ், கொஞ்சம் எளிது.

எமுலேட்டர் எழுதுறது தப்பில்லனு சோனி கனெக்டிக்ஸ் கேஸ்ல 2000லயே அமெரிக்க அப்பீல் கோர்ட் சொல்லியாச்சு, ஆப்பிள் கூட 2024 ஏப்ரல்ல ஆப் ஸ்டோர்ல அனுமதிச்சிருச்சு. ஆனா ரோம் (கேம் ஃபைல்), பயாஸ் (கன்சோலோட சொந்த மென்பொருள்) எதையும் ஆப்புக்குள்ள வைக்காதீங்க, டவுன்லோட் லிங்கும் வேணாம். ஸ்க்ரீன்ஷாட்டுக்கு ஹோம்ப்ரூ கேம் (ரசிகர்கள் தாங்களே பழைய கன்சோலுக்கு எழுதுறது) எழுதுனவங்ககிட்ட கேட்டுப் போடுங்க.

பிக்சல்பாண்டி:
ராஜா, ரேட் கன்ட்ரோல் போட்டாச்சு, ரொம்ப நேரமா ஓடுது ஒரு டொக் கூட இல்ல! பி பட்டனும் ஓகே. லதா அக்கா, அப்ப நெஸ்ஸும் கேம்பாய் அட்வான்ஸும் மட்டும் வச்சு சோர்ஸோட விக்கிறேன், மத்த ரெண்டு கோர தனியா இலவச ஆப்பா விடுறேன். சேவ் ஃபைல எப்ப எழுதணும், ஆப்ப மூடும்போதா?

சோபாடெவ்:
மூடுற வரைக்கும் காத்திருக்காதீங்க. டிவி பாக்ஸ்ல ராம் கம்மி, ஹோம் அமுக்கி வேற ஆப்புக்குப் போனா உங்க ஆப்ப சொல்லாமலே கொன்னுடும். ஆப் பாஸ் (pause) ஆகும்போதே எஸ்ராம (கேமோட சேவ் இருக்குற மெமரி) ஃபைல்ல எழுதுங்க, கேம் நடுவுலயும் எஸ்ராம் மாறுதானு அப்பப்போ பாத்து எழுதிடுங்க. முதல்ல தற்காலிக ஃபைல்ல எழுதி அப்புறம் பேர மாத்துங்க, நடுவுல கரண்ட் போனாலும் பழைய சேவ் தப்பிக்கும்.