இணையவழிக் கருத்தரங்குக்கான கருத்துப் படிவம்: வினாக்களை எப்படி அமைப்பது?

கேள்வி

வணக்கம். எங்கள் கல்லூரித் தமிழ்த்துறை அடுத்த மாதம் வட்டெழுத்து (பழங்காலத்தில் தமிழ் எழுதப் பயன்பட்ட எழுத்துமுறை) அறிமுகம் குறித்து இரண்டு மணிநேர இணையவழிக் கருத்தரங்கு ஒன்றை நடத்தவிருக்கிறது. முதுகலை மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், கல்வெட்டு ஆர்வலர்கள் எனப் பலரும் பங்கேற்பார்கள். முந்தைய நிகழ்வுகளுக்கு நாங்கள் அனுப்பிய கூகுள் படிவத்தில் பெயர், மின்னஞ்சல் ஆகியவற்றுக்குப் பிறகு, "கருத்தரங்கு பயனுள்ளதாக இருந்ததா?", "உரை தெளிவாகவும் சுவையாகவும் இருந்ததா?" என்பன போன்ற வினாக்கள் இருந்தன. ஏறக்குறைய எல்லோரும் "மிக நன்று" என்பதையே தேர்ந்தெடுப்பதால், அடுத்த நிகழ்வைத் திருத்திக்கொள்ள அதிலிருந்து எதுவும் கிடைப்பதில்லை. வினாக்களை எவ்வாறு மாற்றலாம்?

மறுமொழி 1

வினாக்களை மாற்றுவதற்கு முன், அந்தப் படிவத்தை மக்கள் எதற்காக நிரப்புகிறார்கள் என்று பாருங்கள். 2020 பொதுமுடக்கக் காலத்தில் இணையவழிக் கருத்தரங்குகள் பெருகியபோது, கருத்துப் படிவத்தை நிரப்பினால்தான் மின்சான்றிதழ் வரும் என்ற வழக்கமும் நம் கல்லூரிகளில் பரவியது. சான்றிதழுக்குப் பெயர் வேண்டும்; ஆனால் தம் பெயரை எழுதிய, தம் பேராசிரியர் பார்க்கப்போகிற ஒரு படிவத்தில் "உரை எனக்குப் புரியவில்லை" என்று எந்த மாணவர் எழுதுவார்? வருகைப்பதிவுக்கும் சான்றிதழுக்கும் ஒரு படிவம், கருத்துக்குப் பெயரோ மின்னஞ்சலோ கேட்காத வேறொரு படிவம் என்று பிரித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் வினாக்களை எவ்வளவு செதுக்கினாலும் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்து, "தெளிவாகவும் சுவையாகவும்" என்பது ஒரே வினாவுக்குள் இரண்டு வினா. உரை சுவையாக இருந்தும் தெளிவில்லாமல் போயிருந்தால் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? "பயனுள்ளதாக இருந்ததா?" என்ற வினாவோ பேச்சாளருக்கு மரியாதை செலுத்தும் விடையையே வரவழைக்கும். அதற்குப் பதிலாக, "எந்தப் பகுதியில் உங்களால் உரையைத் தொடர முடியாமல் போனது?" என்று கேட்டு, எழுத்தின் வரலாறு, எழுத்து வடிவங்கள், மைப்படி (கல்வெட்டை மையிட்டுத் தாளில் எடுத்த படி) வாசிப்பு, எதிலும் இல்லை என்று தெரிவுகளைக் கொடுங்கள். பலர் மைப்படி வாசிப்பைக் குறித்தால், அடுத்த முறை அதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்கலாம். எந்த விடை வந்தாலும் நீங்கள் ஒன்றையும் மாற்றப்போவதில்லை என்றால், அந்த வினாவையே நீக்கிவிடலாம்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பங்கேற்றவருக்குப் பிடித்திருந்ததா என்பதும் அவர் கற்றுக்கொண்டாரா என்பதும் வெவ்வேறு. டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இல் எழுதத் தொடங்கிய பயிற்சி மதிப்பீட்டு முறை எதிர்வினை, கற்றல், நடத்தை மாற்றம், விளைவு என நான்கு நிலைகளைப் பிரிக்கிறது. நம் படிவங்கள் பெரும்பாலும் முதல் நிலையிலேயே நின்றுவிடுகின்றன. பிற்கால வட்டெழுத்தில் ப, ய, வ போன்றவை உருவில் நெருங்கிவிடுவதால் தொடக்கநிலையினர் தடுமாறுவார்கள். எனவே, இரண்டாம் நிலையான கற்றலை அறிய, உரையில் காட்டாத ஒரு மைப்படியின் சிறு பகுதியைப் படிவத்தில் இணைத்து, இயன்றவரை படித்து எழுதச் சொல்லுங்கள். பதிவு செய்யும்போதும் இதே போன்றதொரு பகுதியைக் கொடுத்திருந்தால், இரண்டையும் ஒப்பிட்டு ஏதேனும் சொல்ல முடியும்.

மறுமொழி 3

இணையவழிக்கே உரிய சில செய்திகள் விடுபட்டுள்ளன. பங்கேற்றது கைபேசியிலா கணினியிலா என்பதைக் கட்டாயம் கேளுங்கள், ஏனெனில் மைப்படியின் நுண்கோடுகள் சிறு திரையில் தெரிந்திருக்காது. எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று கேட்க வேண்டாம். ஜூம் போன்ற செயலிகளின் வருகை அறிக்கையிலேயே அது கிடைத்துவிடும். படிவத்தின் இணைப்பை நிகழ்வின் முடிவில் உரையாடல் பெட்டியில் மட்டும் இட்டால், பாதியில் வெளியேறியவர்களின் கருத்து வராது. பதிவுசெய்த அனைவருக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள், வெளியேறிய காரணத்தையும் ஒரு வினாவாகச் சேருங்கள்.

கூகுள் படிவம் ஒவ்வொரு விடைக்கும் நேரத்தைப் பதிவு செய்கிறது. ஒருவர் இரண்டு படிவங்களையும் அடுத்தடுத்து நிரப்பினால், நேரத்தை வைத்தே அவரை அடையாளம் காணக்கூடும். கருத்துகளைத் துறையில் பகிர்வதற்கு முன் அந்த நேர நெடுவரிசையை நீக்கிவிடுங்கள்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் நன்றி. இரண்டு படிவங்களாகப் பிரிக்கிறோம். சான்றிதழோடு இணைக்காவிட்டால் கருத்துப் படிவத்தைப் பலரும் நிரப்பமாட்டார்கள் என்ற கவலை மட்டும் துறையில் இருக்கிறது.

மறுமொழி 1

எண்ணிக்கை குறையத்தான் செய்யும். எல்லோரும் தேர்ந்தெடுத்த "மிக நன்று" என்பதைவிட, தொடர முடியாமல் போன இடத்தைச் சிலர் சுட்டிக்காட்டினாலே உங்கள் பேச்சாளருக்கு அது உதவும். நிகழ்வு முடிவதற்குப் பத்து நிமிடம் முன்னதாக உரையை நிறுத்தி, அங்கேயே நிரப்ப நேரம் கொடுத்துப் பாருங்கள்.