உகாண்டாவில் இரண்டு வார மருத்துவ முகாம்: இயன்முறை மருத்துவராகச் செல்லலாமா?

கேள்வி (கீழக்கரை):
வணக்கம். நான் கீழக்கரையைச் சேர்ந்தவள். இராமநாதபுரத்தில் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றுகிறேன். பக்கவாதத்தில் கை கால் விழுந்தவர்களுக்கும் மூளைப் பாதிப்பால் சிறுவயதிலேயே உடலசைவு குன்றும் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கும் பயிற்சி அளிப்பதே என் அன்றாட வேலை. உகாண்டாவின் கிராமப் பகுதி ஒன்றில் இரண்டு வாரம் நடைபெறவுள்ள முகாமுக்கு ஒரு தொண்டு நிறுவனம் என்னை அழைத்திருக்கிறது. விமானக் கட்டணம் என் பொறுப்பு. தங்குமிடமும் உணவும் அவர்களுடையது. போக வேண்டும் என்ற ஆசை மிகுதியாக இருக்கிறது. ஆனால் இத்தனை குறுகிய காலத்தில் ஒரு குழந்தைக்கு என்னால் உண்மையில் என்ன செய்ய முடியும் என்ற கவலையும் இருக்கிறது. சம்மதம் சொல்வதற்கு முன் எவற்றைக் கேட்டறிய வேண்டும்?

பதில் (மண்டபம்):
சகோதரிக்கு வணக்கம். உங்கள் கவலை நியாயமானது. கண்புரையை நீக்கிய மருத்துவர் சில நாளில் ஊர் திரும்பலாம். நம் துறையின் வேலை அப்படி முடிவதில்லை. பிறவியிலேயே உள்வளைந்த பாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பொன்செட்டி முறையில் வாரம் ஒன்றாக ஐந்தாறு மாவுக்கட்டுகள் போட்டு, பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாரையும் வெட்டிவிட்டு, அதன்பின் கம்பி இணைத்த காலணியை முதல் மூன்று மாதம் ஏறக்குறைய நாள் முழுவதும், பிறகு நான்கு வயது வரை உறங்கும் நேரத்தில் அணிவிக்க வேண்டும். இடையில் கைவிட்டால் பாதம் மீண்டும் வளைந்துவிடும். இரண்டு வாரத்தில் இரண்டு கட்டுக்கு மேல் போட முடியாது. உகாண்டாவிலேயே இந்தச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். ஆகவே அத்தகைய குழந்தையைக் கண்டால் கட்டுப் போடத் தொடங்காமல், அவர்களிடம் சேர்ப்பதே நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. முகாம் முடிந்து நீங்கள் கிளம்பிய பிறகு அந்தக் குழந்தைகளை யார் பார்ப்பார் என்பதை அந்த நிறுவனத்திடம் முதலில் கேளுங்கள். உள்ளூர் இயன்முறையாளர் ஒருவரின் பெயரைக்கூட அவர்களால் சொல்ல முடியவில்லை என்றால், நான் போகமாட்டேன்.

பதில் (பாம்பன்):
நான் மருத்துவத் துறையில் இல்லை. மூளை முடக்குவாதம் உள்ள ஒரு மகனின் தாய். இங்கே நடந்த ஒரு முகாமில் அவனுக்குச் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். அளவெடுக்காமல் கொடுத்ததால் இருக்கை அகலமாகி, உடல் ஒரு பக்கமாகவே சாய்ந்தது. சிறிய முன்சக்கரங்களோ எங்கள் தெரு மணலில் புதைந்தன. நாற்காலியை ஆளுக்கும் இடத்துக்கும் ஏற்பத் தேர்ந்து பொருத்தி, பயன்படுத்தக் கற்றுக்கொடுத்து, பின்னரும் கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டிலேயே வழிகாட்டி வெளியிட்டிருப்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். எங்களுக்கு உண்மையில் உதவியது வேறு. உணவூட்டும்போது அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னால் சாயாமல், முகவாயைச் சற்றே தாழ்த்திப் பிடிக்க வேண்டும் என்று ஓர் இயன்முறை மருத்துவர் என் மாமியாரைச் செய்யவைத்துக் காட்டினார். சோறு புரையேறுவது அதன்பின் வெகுவாகக் குறைந்தது. அம்மா, நீங்கள் போனால் அங்குள்ள தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் இதைக் கற்றுக்கொடுங்கள். அவர்களுடைய மொழி தெரிந்த ஒருவரை நாள் முழுவதும் உடன் தருவார்களா என்றும் கேளுங்கள்.

பதில் (தொண்டி):
நடைமுறை விவரங்கள் சில. உகாண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஒரு முறை போட்டால் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். திரும்பி வரும்போது அது கையில் இல்லையென்றால், இந்தியாவிலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். ஊர் திரும்பிய பிறகும் அதைத் தொடர வேண்டியிருக்கும். முக்கியமானது பதிவு. அந்நாட்டில் இயன்முறையாளர்களைத் துணை மருத்துவப் பணியாளர்களுக்கான கவுன்சில் பதிவு செய்கிறது. உங்களுக்குரிய தற்காலிக அனுமதிக்கு அழைத்த நிறுவனமே முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டும். சம்பளம் வாங்காத தொண்டுக்கு இதெல்லாம் தேவையில்லை என்று அவர்கள் சொன்னால், பயணச் சீட்டு எடுக்காதீர்கள்.