எரிபொருள் மின்கலமா, ஊட்டுகலமா? வெள்ளிக்குள் முடிவு தேவை

நண்பர்களுக்கு வணக்கம்.

தானுந்துப் பொறியியல் பட்டயப் படிப்பு நூலில் ஓர் இயல் கலைச்சொல்லுக்காகக் காத்து நிற்கிறது. ஹைட்ரஜன் கார்கள் மின்கார்களிடம் ஏன் பின்தங்கின என்பது அதன் பொருள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் 'ஃபியூயல் செல்'லுக்குக் கைப்படியில் இப்போது 'எரிபொருள் மின்கலம்' என்று இருக்கிறது. சிக்கல் இந்த வரியில்: "எரிபொருள் மின்கலக் காரிலும் ஒரு சிறிய மின்கலவடுக்கு உண்டு." 2020இல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா மிராய் என்னும் ஹைட்ரஜன் காரில் 330 கலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள், அதையும் அடுக்கு என்றே சொல்லவேண்டியிருக்கிறது. பேட்டரிக்கோ பாடநூல்களில் 'மின்கலவடுக்கு' ஏற்கெனவே நிலைத்துவிட்டது. மாணவர் எதை எதென்று பிரிப்பார்?

நா.

-----

> எரிபொருள் மின்கலம்

'எரி' வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அங்கே எதுவும் எரிவதில்லை. ஹைட்ரஜன் ஒரு முனையில் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிகிறது. புரோட்டான் நடுவிலுள்ள சவ்வைக் கடக்கிறது, எலக்ட்ரான் வெளிச்சுற்றில் போய் மோட்டாரை ஓட்டுகிறது, மறுமுனையில் இரண்டும் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகின்றன. எல்லாம் 80 பாகை செல்சியசை ஒட்டி நடக்கிறது. ஹைட்ரஜனை உருளைக்குள் உண்மையாகவே எரிக்கும் எஞ்சின் கார் வேறொன்று இருக்கிறது. இரண்டுக்கும் 'எரி' போட்டால் மாணவர் குழம்புவது உறுதி.

'மின்கலம்' என்பதிலும் எனக்குத் தடை உண்டு. மின்கலம் என்றதும் ஆற்றல் அதற்குள் இருப்பதாக மனம் எண்ணும். இங்கே சேமிப்பு முழுவதும் தொட்டியில். கலம் வெறும் மாற்றி. ஊட்டினால் மின்சாரம் வரும், ஊட்டலை நிறுத்தினால் நின்றுவிடும். ஆகவே 'ஊட்டுகலம்'. வினைத்தொகை, ஆறே எழுத்து, வாயில் எளிதாக நிற்கும்.

செ.

-----

அன்பு செ., 'கலம்' என்றால் சேமிப்பு என்று எப்படி முடிவுகட்டினீர்கள்? 660ஆம் குறளின் 'பசுமண் கலம்' கொள்கலன்தான், மறுக்கவில்லை. ஆனால் படைக்கலம் எதைச் சேமிக்கிறது? அணிகலம் எதைக் கொள்கிறது? மரக்கலமோ ஏற்றிச் செல்வது. கருவி என்னும் பொருள் கலத்துக்குத் தொன்றுதொட்டே உண்டு. 'கல' என்னும் வினையடியிலிருந்து அது பிறந்திருந்தால் இன்னும் பொருந்தும்: ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலக்கும் இடமல்லவா! களம், கலன், கலயம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நெல் அளக்கும் கலம் தனி வேரா என்பதை விரிவாக எழுத விருப்பம்.

அதோடு ஹைட்ரஜன் எதற்கு? 'நீரகம்' இருக்கிறதே. நீரை ஆக்குவது என்பதே மூலச்சொல்லின் பொருள்.

மு.

-----

மு. ஐயா, நெல்லளவைக் கலத்தைத் தனி இழையில் எழுதுங்கள், ஆவலோடு படிப்பேன். இங்கே ஒன்று சொல்லவேண்டும்: அங்கே அவை கலப்பதில்லை. கலந்துவிட்டால் அது பழுது. சவ்வில் துளை விழுந்து இரு வளிகளும் நேராகச் சந்தித்தால் அந்த இடம் சூடேறிச் சவ்வு மேலும் கிழியும். பிரித்து வைப்பதால்தான் மின்சாரம் வருகிறது.

'எரி' பற்றி: அணு எரிபொருளும் எரிவதில்லை, யாரும் குழம்புவதில்லை. எரிபொருள் என்பது இன்று ஒரே சொல். அதைப் பிளந்து பார்ப்பவர்கள் நாம் மட்டுமே. 'ஊட்டுகலம்' என்று பணிமனையில் சொன்னால் பத்துப் பேரில் ஒருவருக்கும் விளங்காது.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து கைப்படியின் 'நேர்மின்வாய்'. எலக்ட்ரானை வெளிச்சுற்றுக்கு விடும் முனையான ஆனோடுக்கு அதைப் போட்டிருக்கிறீர்கள். மின்னாற்பகுப்பில் ஆனோடு நேர்முனை, சரி. இந்தக் கலத்தில் ஹைட்ரஜன் வந்து சேரும் ஆனோடு எதிர்முனை. பெயரை நம்பி வோல்ட்டுமானியை இணைத்தால் அளவு தலைகீழாகும். 'ஹைட்ரஜன் முனை', 'காற்று முனை' என்று வையுங்கள்.

'மாசு' என்று பொதுவாக எழுதியிருப்பதும் போதாது. கார்பன் மோனாக்சைடு வினையூக்கியான பிளாட்டினத்தில் ஒட்டி ஹைட்ரஜனுக்கு இடமில்லாமல் செய்கிறது; அதனால்தான் ஹைட்ரஜனின் தூய்மை 99.97 விழுக்காடு இருக்கவேண்டும் என்கிறது ஐஎஸ்ஓ 14687 தரநிலை. 'வினையூக்கி நஞ்சேற்றம்' என்ற வழக்கிலுள்ள சொல்லே அங்கு வேண்டும். சவ்வு காய்ந்தால் புரோட்டான் நகராது. நீர் தேங்கினால் காற்று நுழையாது. இவற்றை 'சவ்வு உலர்வு', 'நீர்த்தேக்கம்' எனலாம்.

ப.

-----

ப. சொன்ன முனைப் பெயர்களை ஏற்கிறேன். ஆனால் இந்த இயலின் அடிப்படை வாதமே மாற்றிக்கும் சேமிப்புக்கும் உள்ள வேறுபாடுதான், அதனால்தான் வலியுறுத்துகிறேன். 100 அலகு மின்சாரத்தில் நீரைப் பகுத்து, 700 பார் (காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 700 மடங்கு) வரை அழுத்தி, −40 பாகைக்குக் குளிர்வித்து நிரப்பி, கலத்தில் திரும்ப மின்சாரமாக்கினால் சக்கரத்துக்கு வருவது சுமார் 30. பேட்டரி வழியே போனால் 70 முதல் 80. இழப்பெல்லாம் மாற்றங்களில். ஒரு கிலோ ஹைட்ரஜனில் 33 கிலோவாட் மணி ஆற்றல். அதை உண்டாக்க 50க்கு மேல் செலவாகிறது. 700 பாரிலும் ஒரு லிட்டருக்கு 40 கிராம்தான் அடங்கும், மிராயின் 5.6 கிலோவுக்கு 140 லிட்டர் கொள்ளளவில் கரியிழைத் தொட்டிகள் வேண்டும். ஐந்து நிமிடத்தில் நிரப்பலாம் என்ற ஒரே மேன்மையும், அடுத்தடுத்துக் கார்கள் வந்தால் நிரப்பு நிலையத்தில் அழுத்தம் மீளும்வரை காத்திருப்பதில் தேய்கிறது. பெயரிலேயே மாற்றம் தெரிந்தால் இதெல்லாம் தானே விளங்கும்.

செ.

-----

தானே விளங்காது. படமும் கணக்கும்தான் விளக்கும். பெயருக்கு அவ்வளவு பாரம் ஏற்றாதீர்கள்.

ப.

-----

அனைவருக்கும் நன்றி. நேரமில்லை, இப்படிப் போகிறது: 'எரிபொருள் மின்கலம்' (ஆதரவு ஐந்து, எதிர்ப்பு இரண்டு). அடுக்குக்கு 'கலத்தொடுப்பு'. சேமிப்பதற்குப் 'பேட்டரி' என்றே வைத்தேன், மின்கலவடுக்கை இந்த இயலில் தொடவில்லை. பேட்டரிக்கு 'மின்னேற்றம்', தொட்டிக்கு 'நிரப்பல்'. முனைகள் ப. சொன்னபடி. முதல் பக்கத்தில் "இங்கு எரிதல் நிகழ்வதில்லை" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

நா.

-----

'தொடுப்பு' என்றால் இணைப்பு; அடுக்கியிருப்பது அதில் தெரியவில்லை. 'கலவரிசை' என்று இன்றிரவுக்குள் மாற்ற முடியுமா? 'எரி'க்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள்.

செ.

-----

நீரகத்துக்கு யாரும் மறுமொழி சொல்லவில்லை. இலங்கையில் ஐதரசன் என்று எழுதுகிறார்கள், அதிலாவது கிரந்தம் இல்லை. அடுத்த பதிப்புக்காவது எடுத்துக்கொள்ளுங்கள்.

மு.