பதில்: கிளாஸ், ரோல், ப்ளேஸ்டைல் - மூணுக்கும் ஒரே சொல்லு போதாது

எல்லாருக்கும் வணக்கம், கேம் சொல்லுங்களுக்குத் தமிழ்ல பட்டியல் போடுறோமே, அதுல கிளாஸ் (கேரக்டர் என்ன மாதிரி ஆளுங்குறது), ரோல், ப்ளேஸ்டைல் (ஆடுற விதம்) மூணுக்கும் என்ன சொல்லு வைக்கலாம்ங்குற பேச்சுக்கு என் பதில் இது.

> கிளாஸ் = வகுப்பு. எளிமையான சொல், அகராதியிலும் இருக்கிறது. இதையே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, கோவிச்சிக்காதீங்க, வகுப்பு வேணாம். கேரக்டர் உண்டாக்குற பக்கத்துல முதல்ல ரேஸ் கேப்பான், அப்புறம் கிளாஸ் கேப்பான், ரெண்டையும் தமிழ்ல போட்டா "இனம்: ஓர்க், வகுப்பு: வாரியர்"னு வரும், அடுத்த வரியில சாதிச் சான்றிதழ் நம்பர் கேட்டாலும் கேப்பான். 1921 வகுப்புவாரி அரசாணையிலேருந்து இன்னிக்கி பிற்படுத்தப்பட்ட வகுப்பு வரைக்கும் அந்தச் சொல்லு நம்ம ஊர்ல வேற வேலை பாத்துக்கிட்டு இருக்கு, அதைப் புடுங்கி இங்க நட முடியாது.

திருவாரூர் தம்பி சொன்ன "துறை" எனக்கு முதல்ல புடிச்சிருந்துச்சு, காலேஜ்ல டிபார்ட்மெண்ட் எடுக்குறாப்ல இருக்கேன்னு. ஆனா பொதுப்பணித்துறை, அறநிலையத்துறை வரிசையில "மந்திரத்துறை"ன்னு சொல்லிப் பாருங்க, அதுக்கு ஒரு செயலாளரும் ஒரு அமைச்சரும் இருக்கணும் போல தோணுது.

சொல்லு தேடுறதுக்கு முன்னாடி ஆட்டத்தப் பாக்கணும்ங்குறது என் கட்சி. இந்தக் கிளாஸ்ங்குற சங்கதி 1974ல வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்குற மேசை ஆட்டத்துலேருந்து வருது, அதுல மொத்தமே மூணு: சண்டைக்காரன், மந்திரக்காரன், பூசாரி. 2004ல வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ங்குற ஆன்லைன் கேம் வந்தப்ப ஒம்போது, இப்ப பதிமூணு. அங்க ஒரு தடவ வாரியர்னு எடுத்துட்டா அந்த கேரக்டர் கடைசி வரைக்கும் வாரியர்தான், மாத்த வழியில்ல. இன்னொரு ஆன்லைன் கேம் ஃபைனல் ஃபேண்டஸி 14ல அப்படி இல்ல, ஒரே கேரக்டர், கையில இருக்குற ஆயுதத்த மாத்துனா ஆளே மாறிடுவான், கோலை வச்சிட்டு கோடாலி எடுத்தா வாரியர். இந்த ரெண்டுக்கும் சேத்து ஒரு சொல்லு வேணும்.

அதனாலதான் நான் "வேடம்"ங்குறேன். மேலட்டூர் பாகவத மேளாவுல ஆம்பளைங்களே பொம்பள வேஷமும் கட்டுறாங்க, விடிஞ்சா வேஷத்தக் கலைச்சிட்டு அவங்கவங்க ஜோலியப் பாக்கப் போயிடுவாங்க, அது ஃபைனல் ஃபேண்டஸி கணக்கு. ஸ்பெஷல் நாடகத்துல ராஜபார்ட்னா ராஜபார்ட், பபூன்னா பபூன், நடிகர்களக் கூப்புடுறதே அந்தப் பேரச் சொல்லித்தான், அது வார்கிராஃப்ட் கணக்கு. "நீ என்ன வேஷம்டா"ன்னு கேட்டா எங்க கூட்டத்துல விளக்கமே வேணாம். வேஷம் போடுறான்னா பொய்யா நடிக்கிறான்னு ஒரு அர்த்தம் இருக்கேன்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க, இருக்கட்டுமே, கேம்ல எல்லாருமே பொய்யாத்தானே நடிக்கிறோம்.

ரோலுக்குத்தான் வேடம் பொருந்தும்னு இன்னொருத்தர் எழுதியிருந்தாரு. நாடகத்து ரோல் வேற, கேம்ல ரோல் வேற. நாலு பேர் கோஷ்டியில ஒருத்தன் அடி வாங்கணும் (டேங்க்), ஒருத்தன் ஆத்தணும் (ஹீலர்), ரெண்டு பேர் அடிக்கணும், யாரு எதுன்னு ஒத்துக்குறதுதான் ரோல். கல்யாண வீட்டுல பந்தி யாரு, பாத்திரம் யாருன்னு பிரிச்சிக்கிற மாதிரிதான், அங்க நம்ம ஆளுங்க சொல்ற சொல்லு "பொறுப்பு". "இன்னிக்கி டேங்க் பொறுப்பு யாரு?" அவ்வளவுதான்.

இப்ப ப்ளேஸ்டைல், இதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன். "ஆடுமுறை"ன்னு பட்டியல்ல இருக்கு, தப்பில்ல, ஆனா அது விதிமுறை மாதிரி ஒலிக்குது. எங்க பக்கத்துல இதுக்குன்னே ஒரு சொல்லு இருக்கு, "பாணி". பந்தநல்லூரும் வழுவூரும் ஒரு பஸ் ஏறி எறங்குற தூரத்துல இருக்குற கிராமங்க, ரெண்டு ஊருலயும் பரதம்தான், ரெண்டுலயும் அடவு உண்டு, அலாரிப்பு உண்டு, வர்ணம் உண்டு, ஆனா பந்தநல்லூர் பாணி வேற, வழுவூர் பாணி வேற, தெரிஞ்சவங்க பாத்தவுடனே சொல்லிடுவாங்க. ப்ளேஸ்டைல்னா இதுதானே?

ஹீலரையே எடுத்துக்குங்க. ஃபைனல் ஃபேண்டஸியில நாலு ஹீலர் வேடம், 2021ல சேஜ் வந்ததோட நாலாச்சு, பொறுப்பு நாலுக்கும் ஒண்ணுதான். ஆனா வைட் மேஜ், அஸ்ட்ரோலஜியன் ரெண்டும் அடி விழுந்தப்புறம் ஆத்துற பாணி, ஸ்காலர், சேஜ் ரெண்டும் விழுறதுக்கு முன்னாடியே தடுப்பு போடுற பாணி. பாஸ் (பெரிய எதிரி) எல்லாரையும் ஒரே போடு போடப் போறான், அடி எப்ப விழும்னு காட்டுற கோடு மேல நிரம்பிக்கிட்டே வருது, வைட் மேஜ் ஆடுறவன் அந்த நேரத்துல நிம்மதியா ரெண்டு கல்லத் தூக்கி பாஸ் மேல எறிஞ்சிட்டு, அடி விழுந்து எல்லாரு உயிர்க்கோடும் பாதியா எறங்குனதும் எல்லாரையும் ஆத்துற மெடிகா ஒண்ணு விட்டான்னா போதும். ஸ்காலர் அப்படி இருக்க முடியாது, கோடு நிரம்புறதுக்கு முன்னாடியே சக்கர்ங்குற தடுப்பப் போட்டிருக்கணும், லேட்டானா தடுப்பு வீண், ரொம்ப சீக்கிரம் போட்டாலும் 30 நொடியில கரைஞ்சிடும், அதனால பாஸ் எப்ப என்ன செய்வான்னு மனப்பாடமா தெரியணும். பொறுமைசாலிக்கு ஒண்ணு, பரபரப்பா முன்கூட்டியே கணக்குப் போடுறவனுக்கு ஒண்ணு. நான் ஸ்காலர் கட்சி. இதனாலதான் ஹீலருக்கு "ஆற்றுநர்" கொஞ்சம் இடிக்குது, தடுப்பு போடுறவன் எதையும் ஆத்தலையே. "காப்பாளர்" ரெண்டையும் புடிக்கும்.

டேங்குலயும் இதே கதைதான். வாரியர் அடி வாங்கிக்கிட்டே தன்னத்தானே ஆத்திக்குவான், ஹீலர் செத்துக் கெடந்தாலும் சின்ன டஞ்சன்னா (பாதாள அறை) முடிச்சிட்டு வந்துடுவான். டார்க் நைட்டுக்கு அந்தக் கொடுப்பினை அவ்வளவா இல்ல, அவனப் பாத்துக்க ஆள் வேணும்.

ஃபைனல் ஃபேண்டஸி நிஞ்சாவப் பத்தி சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. அந்த வேடத்துக்கு மூணு முத்திரை, தென், சீ, ஜின், வானம் பூமி மனுசன்னு அர்த்தம், எந்த வரிசையில போடுறோமோ அதுக்குத் தக்கன நெருப்பு, மின்னல், பனி, தண்ணின்னு வரும், மூணையும் நேர் வரிசையில போட்டா தண்ணி. ஒரே முத்திரைய ரெண்டு தடவ அமுக்கித் தொலைச்சா தலை மேல ஒரு முயல் வந்து உக்காந்துக்கும், கூட இருக்குறவன் எல்லாம் சிரிப்பான். அந்த கேம்ல சாதாரண அடிக்கு அடி ரெண்டரை நொடி இடைவெளி, அதனால சர்வர் தூரத்துல இருந்தாலும் மத்த வேடங்கள சமாளிச்சிடலாம், ஆனா முத்திரைக்கு விரல் வேகம் வேணும், ராத்திரி பிங் (சர்வருக்குப் போய்வர்ற நேரம்) எகிறுனா நம்ம ஊர்லேருந்து நிஞ்சா ஆடுறது முயல் வளக்குறதுதான். முத்திரைங்குற சொல்ல மட்டும் மொழிபெயர்க்காம அப்படியே வச்சிக்கலாம், நம்மளுதுதானே அது.

> டேங்க் எண்டதுக்கு "தாங்கி" எண்டு போடலாம். எங்கட ஊரில தண்ணித் தாங்கி எண்டுதான் சொல்லுறது, ஒலியும் கிட்ட, பொருளும் கிட்ட.

யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்னதுக்கு ரெண்டு கையும் தூக்குறேன். ரோட்டோரத்துல பழைய சுமைதாங்கிக் கல்லு பாத்தவங்களுக்கு தாங்கின்னா என்னன்னு சொல்லித்தர வேண்டியதில்ல.

கடைசியா அக்ரோ, டவுண்ட். பாஸுக்கு யார் மேல ஆத்திரம்ங்குறதுக்கு உள்ளுக்குள்ள ஒரு கணக்கு ஓடும், வார்கிராஃப்ட்ல தாங்கியோட கணக்க கிட்டக்க நின்னு அடிக்கிறவன் நூத்திப்பத்து சதவீதம் தாண்டுனா, இல்ல தூரத்துலேருந்து அடிக்கிறவன் நூத்திமுப்பது தாண்டுனா, பாஸ் திரும்பிடுவான். அப்ப மைக்ல எங்க ஆளுங்க கத்துறது "டேய் அதுக்கு என் மேல கடுப்பாயிடுச்சிடா, கடுப்பேத்தி அங்கிட்டு இழுடா". ரெண்டு சொல்லும் அதுலயே கெடைச்சிடுச்சு, அக்ரோ கடுப்பு, டவுண்ட் கடுப்பேத்தல்.

கும்பகோணத்துலேருந்து

---

> தம்பி, வேடம், பொறுப்பு, பாணி மூன்றும் ஏற்புடையவை, வகுப்பை விட்டுவிடுகிறேன். ஆனால் கடுப்பு கொச்சை. நாளை ஒரு நிறுவனம் இந்தப் பட்டியலை எடுத்துத் தன் விளையாட்டில் பயன்படுத்த வேண்டும். "சினம்" என்று இருக்கட்டும்.

ஐயா, சினம் நல்ல சொல்லுதான், பட்டியல்ல முதல் எடத்துல அதையே போடுறேன், பக்கத்துல வழக்குன்னு கடுப்பையும் போட்டுடுறேன். பாதாள அறைக்குள்ள நாலு பேரும் சாகுற நேரத்துல "சினம் என்மேல் திரும்பிவிட்டது"ன்னு எவனும் கத்த மாட்டான், நீங்க ஆடுனாலும் கத்த மாட்டீங்க.

இன்னும் நிக்கிறது டிபிஎஸ்தான். "நொடிச்சேதம்" அந்த அளவுக்கு சரி, ஒரு நொடிக்கு எவ்வளவு அடிங்குறதுக்கு. ஆனா "நான் டிபிஎஸ்"னு ஆளையும் அதே பேர்ல சொல்றாங்களே, அதுக்கு ஒத்து வரல. மன்னார்குடி மாப்ளே "அடிகாரர்"ங்குறாப்ல, போலீஸ் ஸ்டேஷன் நோட்டீஸ் போர்டுல இருக்குற பேரு மாதிரி இல்ல? வேற யாருக்காவது தோணுச்சின்னா எழுதுங்க, ஞாயித்துக்கெழம பட்டியலைத் திருத்தப் போறேன், அதுக்குள்ள வந்தா சேத்துடலாம்.