புதுப்பிப்பு: திருமணிமுத்தாறு ஓவியத்துக்கு நிதி கிடைத்தது, தமிழிலேயே விண்ணப்பித்து

சேர்வராயன் மலையில் ஊற்றெடுத்து, சேலத்துக்குள் சாக்கடையாக ஓடும் திருமணிமுத்தாற்றை அதன் சேற்றைக் கொண்டே துணியில் வரைய நிதி எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலர் சொன்ன 'அனானிமஸ் வாஸ் எ வுமன்' சூழல் கலை நிதி பெண் கலைஞர்களுக்கானதுதான், 20,000 டாலர் வரை தருகிறார்கள். ஆனால் அமெரிக்காவிலும் அதன் ஆட்சிப் பகுதிகளிலும் வசிப்பவர்களுக்கு மட்டும். இங்கிருந்து விண்ணப்பம் போட முடியாது. இருந்தாலும் அதன் விதிகளைப் படித்தது பயன்பட்டது. வேலையில் பொதுமக்களுக்கும் பங்கு இருக்கவேண்டும் என்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் ஆற்றங்கரைத் தெருப் பெண்களோடு சேர்ந்து வரைவதாக என் திட்டத்தை மாற்றினேன்.

கைகொடுத்தது, ஓர் அக்கா சொன்ன, கலைகளுக்கு நிதி தரும் பெங்களூரு அமைப்பான இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ். எந்த இந்திய மொழியிலும் எழுதலாம். தமிழில் எழுதியதால் ஆற்றைப் பற்றி மனசில் இருந்தது அப்படியே வந்தது. போன வாரம் சரி என்று பதில் வந்தது.

எதிர்பாராத ஒன்று: மாதிரித் துணியில் சேறு காய்ந்ததும் வெடித்து உதிர்ந்துவிட்டது. வேலம்பிசினைக் கரைத்துக் கலந்த பிறகுதான் நின்றது. அப்புறம் பிசின் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்தேன். நீங்களும் மாதிரி செய்து பார்த்துவிட்டே செலவுக் கணக்கு எழுதுங்கள்.