முயல் திராட்சைக் கொத்து மாதிரி கழிவு போடுது. நம்ம ஊர்ப் புல்லுக்கு மாத்தலாமா?

அம்பத்தூர் அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். மகளோட பத்தாவது பிறந்தநாளுக்குச் சந்தையில ரெண்டு வெள்ளை முயல் வாங்கினோம். வித்தவர் கேரட்டும் முட்டைக்கோஸும் போட்டா போதும், தண்ணி மட்டும் வைக்கவே கூடாது, குடிச்சா செத்துடும்னு சொன்னார். அப்படியே செஞ்சோம். அத்தை ஊறவெச்ச கொண்டைக்கடலை போடுவாங்க, பொண்ணு பிஸ்கட் கொடுப்பா. இப்போ அதுங்களுக்கு வயசு நாலு மாசம் ஆகுது, ஆளுக்கு ஒண்ணரை கிலோ இருக்கும்.

பத்து நாளா பெண் முயலுக்குப் பின்னாடி முடியில கருப்பா, பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு இருக்கு. கூண்டுலயும் சின்னத் திராட்சைக் கொத்து மாதிரி பளபளன்னு கிடக்குது, நாத்தம் தாங்கல. வயித்துப்போக்குன்னு நினைச்சு ஒருநாள் முழுக்கப் பட்டினி போட்டோம், சரியாகல. ஆண் முயல் விடியக்காலையில குனிஞ்சு தன் கழிவையே வாயில எடுக்குது. அருவருப்பா இருக்குன்னு தட்டி விரட்டிக்கிட்டு இருக்கோம்.

பாக்கெட்ல வர்ற வெளிநாட்டுப் புல் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. புல், கீரைன்னு இங்க கிடைக்கிறதை வெச்சே வளர்க்க முடியுமா? முதல் மாடி, மேற்குப் பார்த்த பால்கனி, கம்பிக் கூண்டு.

வத்தலக்குண்டு அக்கா:

தம்பி, இதைப் படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடி எழுந்து போய் ஒரு கனமான மண்சட்டியில தண்ணி வெச்சுட்டு வாங்க. ஒரு கிலோ எடை இருக்கிற முயல் ஒருநாளைக்கு நூறு மில்லி சுமார் குடிக்கும், வெயில்ல இன்னும் கூட. தண்ணி குடிச்சா சாகும்ங்கிற பேச்சால நம்ம ஊர்ல எத்தனை முயல் நாக்கு வறண்டு போயிருக்கோ.

ரெண்டாவது, இனி பட்டினி மட்டும் போட்டுடாதீங்க. நாய்க்கும் மனுஷனுக்கும் வயிறு காயப்போடுறது சரிப்படலாம். முயலுக்கு உள்ள போய்க்கிட்டே இருந்தாத்தான் குடல் நகரும். அதால வாந்தி எடுக்கவும் முடியாது. குடல் நின்னுச்சுன்னா உள்ள கிடக்கிறது புளிச்சு, காத்துக் கட்டி, வலியில இன்னும் சாப்பிடாம போகும்.

இப்போ அந்தத் திராட்சைக் கொத்து. அது வயித்துப்போக்கு இல்ல. முயல் ரெண்டு விதமாப் போடும். பகல்ல பார்க்கிறது உருண்டைப் புழுக்கை. காஞ்சிருக்கும், கையில நசுக்கினா புல் தூள் மாதிரி உதிரும். இன்னொண்ணு ராத்திரியிலும் விடியலிலும் வர்ற மெத்துனு இருக்கிற கொத்து. புல்லு பெருங்குடல் பையில நொதிச்சு, அங்க இருக்கிற நுண்ணுயிர் செஞ்ச பி வைட்டமினும் புரதமும் சேர்ந்து வெளிய வர்றது. மாடு அசைபோடுற மாதிரி முயலுக்கு இது ரெண்டாவது சாப்பாடு. ஆசனவாயிலேருந்து நேரா வாயில எடுத்து முழுங்கிடும், அதனால வளர்க்கிறவங்க பல பேர் கண்ணுலயே பட்டிருக்காது. உங்க ஆண் முயல் சரியான வேலையைத்தான் செய்யுது, அதை விரட்டாதீங்க.

பெண் முயல் அதைத் தின்னாம விட்டிருக்குன்னா, சாப்பாடு அளவுக்கு மீறிச் சத்தா இருக்குன்னு அர்த்தம். கடலை, பிஸ்கட், கேரட் எல்லாம் மாவும் சர்க்கரையும். கொத்து இறுகாம கூழா வரும், முடியில ஒட்டும், வேணும்ங்கிற அளவுக்கு மேல வேற வரும். ஒட்டினதை வெதுவெதுப்பான தண்ணியில துணி நனைச்சு ஊறவெச்சு எடுங்க, இழுத்துப் பிய்க்காதீங்க, முயல் தோல் காகிதம் மாதிரி கிழியும். முழுசாக் குளிப்பாட்டவும் வேண்டாம். ஈரத்துல ஈ முட்டை வெச்சா ஒரே நாள்ல புழு வெச்சிடும், அதனால தினமும் ரெண்டு வேளை பின்பக்கத்தைத் தூக்கிப் பாருங்க. தண்ணியா நிஜக் கழிச்சல் வந்தா அது வேற. அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடணும்.

நம்ம ஊர்ப் புல்லு போதுமான்னு கேட்டீங்க. தாராளமாப் போதும். பதினாலு வருஷமா நான் ஒரு பாக்கெட் வெளிநாட்டுப் புல் வாங்கினதில்ல. என் முயலுங்க தின்னுறதுல பத்துக்கு எட்டுப் பங்கு புல்லுதான். அருகம்புல், கொழுக்கட்டைப் புல், கினியாப் புல். முன்பல் வாரத்துக்கு ரெண்டு மில்லிமீட்டர் சுமார் வளரும், கடைவாய்ப் பல்லும் வளர்ந்துக்கிட்டேதான் இருக்கும். புல்லைத் தின்னும்போது பக்கத்துலேருந்து கவனிங்க. தாடை பக்கவாட்டுல அரைச்சுக்கிட்டே போகும், ஒரு நீளப் புல்லு வாய்க்குள்ள ரயில் மாதிரி போய் மறையும். அந்த அரைப்புலதான் பல்லு தேயுது. கேரட்டையும் கடலையையும் மேலும் கீழும் நசுக்கி முழுங்கிடும், கடைவாய்ப் பல்லு தேயாது. கூர் முளைச்சு நாக்கைக் கிழிக்கும்.

அம்பத்தூர்ல புல்லுக்கு எங்க போறதுன்னு கேட்பீங்க. பிள்ளையார் கோயில் வாசல்ல அருகம்புல் கட்டு விக்கிறவங்க இருப்பாங்க, தினமும் வேணும்னு சொல்லி வைங்க. மக்காச்சோளம் சுட்டு விக்கிறவங்க உரிச்சுப் போடுற மட்டையை அள்ளிட்டு வந்து நல்லாக் கழுவிப் போடுங்க, என் முயலுக்கு அது பண்டிகைச் சாப்பாடு. ரோட்டோரப் புல்லும் களைக்கொல்லி அடிச்ச இடத்துப் புல்லும் வேண்டாம்.

கீரை, தழை ஒரு பிடி, ரெண்டு பிடி. கொத்தமல்லி, புதினா, துளசி, செம்பருத்தி இலை, முள்ளங்கி இலை, கேரட்டோட மேல்தழை எல்லாம் நல்லது. எங்க பக்கம் கல்யாண முருங்கை இலை போடாத முயல் வீடே கிடையாது. வரப்புல கிடக்கிற வெட்டுக்காயப் பூண்டை வேரோட பிடுங்கிட்டு வந்தா, பை சத்தம் கேட்டதுமே ரெண்டு கால்ல நிக்கும். அகத்தி, முருங்கை, குதிரைமசால் மூணுலயும் சுண்ணாம்புச் சத்து அதிகம். தின்ன சுண்ணாம்பை எல்லாம் முயல் உடம்பு உறிஞ்சி மூத்திரத்துல தள்ளும். வளர்ந்த முயலுக்குத் தினம் போட்டா மூத்திரம் சுண்ணாம்புக் குழம்பா வரும். வாரம் ரெண்டு தடவை போதும். சவுண்டல் தழை ஆட்டுக்குப் போடுறாங்களேன்னு போட்டுடாதீங்க, முடி கொட்டும். எருக்கு, அரளி, ஆமணக்கு, ஊமத்தை, உன்னிச்செடி, பார்த்தீனியம், வெங்காயம், பூண்டு, முளைவிட்ட உருளை, தொட்டியில வளர்க்கிற குரோட்டன்ஸ் எதுவும் வாய்க்கு எட்டக் கூடாது.

மாத்துறதுல அவசரம் வேண்டாம். பிஸ்கட்டையும் கடலையையும் இன்னைக்கே நிறுத்துங்க. காஞ்ச புல்லை எந்நேரமும் கூண்டு நிறைய வைங்க. பச்சைப் புல் முதல்ல ஒரு பிடி, புழுக்கை சரியா இருந்தா மறுநாள் கொஞ்சம் கூட. ஒரு புதுத் தழைக்கும் அடுத்த புதுத் தழைக்கும் நடுவுல மூணு நாள் விடுங்க. ரெண்டு வாரத்துல முழுசா மாறிடும். கேரட் சுண்டுவிரல் நுனி அளவு, அதுவும் உங்க பொண்ணு கையால ஊட்டுறதுக்கு மட்டும்.

எனக்கு இது தெரிஞ்ச விதத்தையும் சொல்லிடுறேன். என் முதல் முயல் மிளகு, சாம்பல் நிறம். ரொட்டியும் கேரட்டும் போட்டுத்தான் வளர்த்தேன். ஒருநாள் சாயங்காலம் மூலையில கூனிக்கிட்டு உட்கார்ந்து பல்லை நறநறன்னு கடிச்சுது. கொத்தமல்லியை மூக்குகிட்ட நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கிச்சு. காலையில பார்த்துக்கலாம்னு படுத்துட்டேன். நாலு மணிக்கு எழுந்து பார்த்தா உடம்பு விறைச்சுக் கிடந்தது. கூண்டுல மிளகு அளவுக்குப் புழுக்கை நாலே நாலு. அன்னையிலேருந்து காலையில காப்பிக்கு முன்னாடி நான் பார்க்கிறது புழுக்கையைத்தான். சிறுத்தாலோ, எண்ணிக்கை குறைஞ்சாலோ, பன்னிரண்டு மணிநேரம் வாய் வைக்கலைன்னாலோ அன்னைக்குச் சமையல் கூடக் கிடையாது, நேரா டாக்டர்தான்.

மேற்குப் பால்கனியிலேருந்து கூண்டை உள்ள எடுத்துடுங்க. கொடைக்கானல் மலையில மன்னவனூர்ல மத்திய அரசோட செம்மறியாடு ஆராய்ச்சிப் பண்ணையில சோவியத் சின்சில்லா முயலைப் பார்த்தேன். மே மாசத்துலயும் அங்க சால்வை போர்த்திக்கிட்டு நிக்கணும், முயலுங்க அவ்வளவு சுறுசுறுப்பு. நம்ம கீழ்நாட்டு வெயில் அதுக்கு ஆகாது. 30 டிகிரி தாண்டினாலே மூச்சு இளைக்கும். படுக்க வெச்ச மண்பானை ஒண்ணு, துணி சுத்தின ஐஸ் பாட்டில் ஒண்ணு வெச்சு, காதை ஈரக் கையால தடவி விடுங்க. கம்பித் தரைமேல சாக்கோ பலகையோ போடுங்க, உள்ளங்கால் புண்ணாகும்.

மாடிப் பசுமை, கோவை:

அக்கா சொன்னதோட ஒண்ணு. மாட்டுப் பண்ணை வெச்சிருக்கிறவங்ககிட்ட கேட்டா கோ-4ங்கிற தீவனப் புல்லோட கரணை, அதாவது நடுறதுக்கான தண்டுத் துண்டு, தருவாங்க. பழைய ட்ரம்மைப் பாதியா வெட்டி மண் நிரப்பி ஆறு கரணை நட்டேன். முதல் அறுப்புக்கு 75 நாள், அப்புறம் 45 நாளுக்கு ஒருமுறை. முயலுக்கு அதுக்கும் முன்னாடியே இளசா அறுத்துக்குவேன். உபரியை மொட்டைமாடியில பரப்பி, காலையும் மாலையும் புரட்டி, மூணு நாள் காயவெக்கிறேன். பத்துக் கிலோ பச்சைக்கு ரெண்டு கிலோ சொச்சம் காஞ்ச புல் நிக்கும். ஒடிச்சா படக்குனு ஒடியணும், நிறம் பச்சையாவே இருக்கணும். ஈரத்தோட மூட்டை கட்டினா பூஞ்சணம் பிடிக்கும், அதைக் கொடுக்கக் கூடாது. வைக்கோல் படுக்கைக்குச் சரி, கொறிச்சாலும் ஒண்ணும் ஆகாது. அதையே சாப்பாடா நம்பினா முயல் மெலிஞ்சிடும்.

கால்நடை மாணவி:

டாக்டரிடம் போகும்போது முயல் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளை முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கக் கூடாது. குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து, உயிருக்கே ஆபத்தாகும். வீட்டில் மீதியிருக்கும் குழந்தைகள் சிரப்பை ஊற்றிவிடாதீர்கள். நாய்க்குப் போடும் ஃபிப்ரோனில் உண்ணி மருந்தும் முயலுக்கு விஷம்.

இன்னொன்று, ஆணும் பெண்ணும் நாலு மாதம் என்றால் இன்றே தனித்தனிக் கூண்டு. சினைக்காலம் 31 நாள்தான். குட்டி போட்ட அன்றே மறுபடி சினை பிடிக்கும்.

அம்பத்தூர் அப்பா:

பதினாறு நாள் கழிச்சு எழுதுறேன். பூ விக்கிற அம்மா தினமும் ஒரு கட்டு அருகம்புல் எடுத்து வைக்கிறாங்க. அஞ்சாவது நாள்லேருந்து கூண்டுல கொத்து கிடக்கிறதில்ல, பின்பக்கம் சுத்தமா இருக்கு. நேத்து விடியக்காலை பெண் முயலும் குனிஞ்சு எடுத்துச்சு. பொண்ணு என்னை எழுப்பிக் காட்டினா. கூண்டு ரெண்டாச்சு, கூடத்துக்குள்ள வந்தாச்சு. அத்தைக்குத்தான் கடலை போட முடியலையேன்னு வருத்தம். இப்போ அவங்கதான் கொத்தமல்லித் தண்டை ஆய்ஞ்சு வைக்கிறாங்க.

ஒரு சந்தேகம். புழுக்கை முன்னைவிடப் பெருசா, வெளிர் பழுப்பா இருக்கு. சரிதானா அக்கா?

வத்தலக்குண்டு அக்கா:

அதுதான் தம்பி வேணும். நசுக்கினா உள்ள புல்லு நார் தெரியுதா பாருங்க. ஞாயிறுதோறும் காய்கறித் தராசுல நிறுத்து, எடையைக் காலண்டர்ல பொண்ணை விட்டு எழுதச் சொல்லுங்க. ஒரு வாரத்துல நூறு கிராம் இறங்கினா என்னைக் கேட்டுக்கிட்டு இருக்காம டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிடுங்க. தூக்கும்போது காதைப் பிடிக்காம, ஒரு கை நெஞ்சுக்குக் கீழ, ஒரு கை பின்பக்கத்துக்குக் கீழ. உங்க அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.