மார்கரெட் ரூதர்ஃபோர்டு: எல்லாப் படத்திலும் ஒரே ஆள்தானே?

#1 கத்தரிவெயில்

ஆங்கில நடிகை மார்கரெட் ரூதர்ஃபோர்டு நடித்த நான்கு மிஸ் மார்ப்பிள் துப்பறியும் படங்களையும் இந்த வாரம் வரிசையாகப் பார்த்து முடித்தேன். 1961-இல் வந்த 'மர்டர் ஷீ செட்' தொடங்கி 1964-இல் வந்த 'மர்டர் அஹாய்' வரை. பார்த்த சூட்டோடு சொல்கிறேன், இவரைப் பெரிய குணச்சித்திர நடிகை என்று ஏன் கொண்டாடுகிறார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை.

துப்பறியும் நாவலாசிரியர் அகதா கிறிஸ்டி எழுதிய மார்ப்பிள், கொலைகளைத் துப்பறியும் ஒல்லியான கிழவி. கையில் பின்னல் ஊசி, மடியில் நூல்கண்டு. அவர் அறையில் இருப்பதே பலருக்குத் தெரியாது. அதுதான் அவருடைய ஆயுதம். படத்தில் வருவது என்ன? தோளில் போர்வை பறக்க உருண்டு வரும் பீரங்கி. ரயில்பாதைத் தொழிலாளி வேஷம் கட்டுகிறார், குதிரை ஏறுகிறார், ட்விஸ்ட் ஆடுகிறார், கடைசிப் படத்தில் வாள்சண்டை கூட உண்டு. உடைகள் பலவும் அவருடைய சொந்தத் துணியாம். நம்புகிறேன். நடிப்பும் வீட்டிலிருந்து கொண்டுவந்ததுதான்.

குணச்சித்திரம் என்றால் படத்துக்குப் படம் குணம் மாற வேண்டாமா? இவர் எங்கே வந்தாலும் அதே தாடை, அதே விழி, அதே 'ஹும்'.

#2 ஒற்றன்குஞ்சு

கத்தரி அண்ணே, நாவலோடு ஒப்பிட்டு அடிப்பது கொஞ்சம் அநியாயம். அந்த நான்கில் மார்ப்பிள் நாவலிலிருந்து வந்தது முதல் படம் மட்டும்தான். 'மர்டர் அட் த கேலப்', 'மர்டர் மோஸ்ட் ஃபவுல்' இரண்டும் கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான, மீசை வைத்த பொய்ரோவின் நாவல்கள். மீசைக்காரரைத் தூக்கிவிட்டு இந்த அம்மாவை உட்கார வைத்தார்கள். நான்காவது, படத்துக்கென்றே எழுதிய கதை. திரைக்கதை செய்த குளறுபடிக்கு நடிகையை ஏன் வையவேண்டும்?

கிறிஸ்டிக்கு இந்தப் படங்கள் பிடிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் 1962-இல் வந்த தன்னுடைய மார்ப்பிள் நாவல் ஒன்றை மார்கரெட் ரூதர்ஃபோர்டுக்குத்தான் காணிக்கை ஆக்கினார். படத்தைப் பிடிக்காதவரே ஆளை மதித்திருக்கிறார்.

#3 கத்தரிவெயில்

காணிக்கை மரியாதைக்குச் சான்று, நடிப்புக்குச் சான்றாகாது. இன்னொன்று கவனித்தீர்களா? 'மர்டர் ஷீ செட்'டில் மிஸிஸ் கிட்டர் என்று வேலைக்காரம்மா ஒருவர் வந்து போவார். அது ஜோன் ஹிக்சன். 1984 முதல் 1992 வரை பிபிசி தொடரில் அவர்தான் மார்ப்பிள். குரலை உயர்த்தமாட்டார், கண்ணால் மட்டும் கொலைகாரனைத் தொடுவார். அசல் மார்ப்பிள் சமையல்கட்டில் நிற்க, நகல் கூடத்தில் கூத்தடித்துக்கொண்டிருந்தது!

#4 சுண்டல்

அந்தச் சமையல்கட்டு வரி அருமை 😄 ஒத்துக்கொள்ள மாட்டேன், ஆனாலும் அருமை.

#5 திண்ணைவாசி

நடிப்புப் பட்டிமன்றம் நடக்கட்டும். மார்கரெட்டின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் அந்தத் தாடையைப் பார்த்து முன்போல் சிரிக்க முடியவில்லை.

1883-இல் இவருடைய அப்பா வில்லியம் பென், டார்பிஷரில் உள்ள மேட்லாக் என்ற ஊரில், தன் சொந்தத் தகப்பனாரை மூத்திரச் சட்டியால் அடித்துக் கொன்றார். செத்தவர் ஒரு பாதிரியார். மகனைப் பிராட்மூரில், குற்றம் செய்த மனநோயாளிகளுக்கான காப்பகத்தில், அடைத்தார்கள். 1890-இல் வெளியே விட்டார்கள். குடும்பப் பெயரை உதறிவிட்டு ரூதர்ஃபோர்டு ஆனார். 1892 மே மாதம் லண்டன் பேலமில் மார்கரெட் பிறந்தார். பழைய கதை துரத்தாத இடம் வேண்டும் என்று கைக்குழந்தையோடு குடும்பம் கப்பலேறி வந்த ஊர் எது தெரியுமா? நம்ம மெட்ராஸ்.

இங்கேதான் அந்தத் தாய் ஃபுளோரன்ஸ், வயிற்றில் அடுத்த பிள்ளையோடு, மரத்தில் தூக்குப் போட்டுக்கொண்டார். மார்கரெட்டுக்கு அப்போது மூன்று வயது. குழந்தையை விம்பிள்டனுக்கு, பெஸ்ஸி பெரியம்மாவிடம் அனுப்பிவிட்டார்கள். (பெரியம்மாவா சின்னம்மாவா என்று என்னிடம் கேட்காதீர்கள், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்.) அப்பா இறந்துவிட்டார் என்று சொல்லி வளர்த்தார்கள். அவர் உயிரோடு இருக்கிறார், மறுபடியும் பிராட்மூரில்தான் இருக்கிறார் என்பது பதின்வயதின் தொடக்கத்தில்தான் தெரியவந்தது. வாழ்நாள் முழுக்க மனச்சோர்வு வந்து வந்து போனது இவருக்கு. அப்பாவின் நோய் தனக்கும் வந்துவிடுமோ என்ற பயம் வேறு.

இத்தனையும் சுமந்துகொண்டு ஊரைச் சிரிக்கவைத்தவரை 'வீட்டிலிருந்து கொண்டுவந்த நடிப்பு' என்கிறீர்களே. அந்த வீடு எப்படிப்பட்டது என்று பார்த்தீர்களா?

#6 கத்தரிவெயில்

திண்ணை சார், இது எனக்குத் தெரியாது. வருத்தமாக இருக்கிறது. மெட்ராஸ் என்றதும் ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டேன்.

ஆனால் இதை வைத்து நடிப்புக்கு மதிப்பெண் கூட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். சோகத்தைப் பார்த்து இரக்கப்படலாம், அதற்காக நடிப்பு நன்றாக இருந்தது என்று ஆகிவிடாது. அழுத வீட்டில் பிறந்த ஆயிரம் பேர் மோசமாக நடித்திருக்கிறார்கள். சொந்த வாழ்க்கையைத் திரையில் பூசாமல் இருந்ததுதான் அவருடைய கண்ணியம் என்றால், அதை எடுத்து நாமே ஏன் பூசவேண்டும்?

#7 ஒற்றன்குஞ்சு

பூசவேண்டாம், ஆனால் மறைக்கவும் முடியாதே. மார்ப்பிள் வேடம் வந்தபோது கொலைக் கதை என்பதால் அவர் முதலில் தயங்கினார். இது கொலையைப் பற்றிய படம் இல்லை, சதுரங்கம் மாதிரி ஒரு விளையாட்டு என்று இயக்குநர் ஜார்ஜ் பொல்லாக் பேசித்தான் சம்மதிக்க வைத்தார். அந்தப் படங்கள் அவ்வளவு விளையாட்டாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம்தான், சண்டைக்கு வராதீர்கள்.

#8 நூல்கண்டு

மார்ப்பிளை விட்டு வெளியே வாருங்களேன். அந்தப் படங்கள் வந்தபோது அவருக்கு எழுபதை நெருங்கிவிட்டது. ஒரு நடிகையின் கடைசிப் பத்து வருடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது என்ன நியாயம்?

பியானோவும் பேச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர் அவர். பெஸ்ஸி இறந்து கொஞ்சம் பணம் விட்டுப்போன பிறகுதான் 1925-இல் ஓல்ட் விக் நாடக அரங்கில் பயிற்சி நடிகையாகச் சேர்ந்தார், 33 வயதில். அங்கும் நிலைக்கவில்லை, திரும்ப டியூஷனுக்கே போனார். லண்டனின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்டில் கால் வைக்கும்போது நாற்பது தாண்டிவிட்டது. 1938-இல்தான் பெரிய வெற்றி. கதாநாயகி முகம் இல்லை, வயதும் போய்விட்டது. அப்படிப்பட்டவருக்கு அந்தத் தாடைதான் முதலீடு. தாடையை மட்டும் வைத்துக்கொண்டே நடிக்கக்கூடியவர் என்று விமர்சகர் கென்னத் டைனனே வியந்திருக்கிறார்.

'ஒரே ஆள்' என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 1939-இல் ஆஸ்கர் வைல்டின் 'எர்னஸ்ட்' நாடகத்தில் வீட்டு ஆசிரியை மிஸ் பிரிசம். அடுத்த வருடமே 'ரெபெக்கா'வில் மிஸிஸ் டான்வர்ஸ், ரத்தத்தை உறைய வைக்கும் வேடம். 1941-இல் நோயல் கவர்டின் 'பிளைத் ஸ்பிரிட்'டில் ஆவிகளோடு பேசும் மேடம் ஆர்கட்டி. 1947-இல் நியூயார்க்கில் அதே 'எர்னஸ்ட்', ஆனால் இந்த முறை லேடி பிராக்னெல். அதாவது அதட்டப்படும் பெண்ணையும் அதட்டும் சீமாட்டியையும் ஒரே நாடகத்தில் அவரே செய்திருக்கிறார்.

ஆர்கட்டியை எப்படிச் செய்தார் என்று பாருங்கள். ஆவியுலக நம்பிக்கை உள்ளவர்களைக் கேலி செய்யக்கூடாது என்று முதலில் அந்த வேடத்துக்கே அவர் தயங்கினார். அதனால் கேலியாகச் செய்யவே இல்லை. ஆவி வரும் என்று ஆர்கட்டி முழு மனதோடு நம்புகிறாள். வந்ததும் கூடியிருப்பவர்கள் நடுங்க, அவள் மட்டும் பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி துள்ளுகிறாள். சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. 1945-இல் டேவிட் லீன் எடுத்த படத்தில் இன்றைக்கும் பார்க்கலாம்.

பிரிசமும் அப்படித்தான், 1952-இல் வந்த 'எர்னஸ்ட்' படத்தில் பாருங்கள். 28 வருடம் முன்பு இவள் கைப்பையில் வைத்துத் தொலைத்த குழந்தையின் கதை வெளிவரும் காட்சி. குழந்தை என்ன ஆயிற்று என்று ஊரே மூச்சைப் பிடித்து நிற்கிறது. இவளோ பையில் உள்ள கறையையும் எழுத்தையும் சரிபார்த்து, என்னுடையதுதான், கிடைத்ததில் மகிழ்ச்சி என்கிறாள். வைல்ட் எழுதிய வரிதான். ஆனால் அதைச் சிரிப்பு வரி என்று தெரிந்துகொண்டு சொன்னால் செத்துவிடும். இவருக்குத் தெரியாதது மாதிரி சொல்லத் தெரியும்.

#9 சுண்டல்

நூல்கண்டு அக்கா வந்தால் எங்களுக்கு வேலை இல்லை. ஆஸ்கர் விருதை யாரும் சொல்லவில்லையே? 'தி வி.ஐ.பி.ஸ்', 1963. எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும் மூடுபனியில் லண்டன் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு குடும்பச் சண்டை போடுகிறார்கள். நடுவில் வீட்டைக் காப்பாற்றக் காசில்லாத ஒரு கிழட்டுச் சீமாட்டி, விமானப் பயத்தில் மாத்திரையாக விழுங்கிக்கொண்டு சுற்றுகிறார். துணை நடிகை விருது அவருக்கு, 71 வயதில்.

#10 கத்தரிவெயில்

ஆஸ்கரை விடுங்கள், அது பாதி நேரம் வயதுக்குக் கொடுக்கும் பொன்னாடை.

நூல்கண்டு சொன்னதில் டான்வர்ஸ் விஷயம் எனக்குப் புதிது. ஆனால் மேடையில் நடந்ததை நான் எங்கே போய்ப் பார்ப்பேன்? எனக்குக் கிடைத்தது படம். படத்தில், சிரிக்க வைக்காமல் ஒரே ஒரு காட்சி காட்டுங்கள், வாயை மூடிக்கொள்கிறேன்.

#11 நூல்கண்டு

ஆர்சன் வெல்ஸ் எடுத்த 'சைம்ஸ் அட் மிட்நைட்'. விடுதிக்காரி மிஸ்ட்ரஸ் குயிக்லி வேடம். கடைசியில், ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வரும் தடியன் ஃபால்ஸ்டாஃப் எப்படிச் செத்தான் என்று சொல்வாள். போர்வைக்குள் கையை விட்டுப் பாதத்தைத் தொட்டேன், கல் மாதிரி குளிர்ந்திருந்தது என்று. அப்புறம் அந்தப் பிரம்மாண்டமான சவப்பெட்டியைத் தள்ளிக்கொண்டு போவார்கள். தாடை அதேதான். சிரித்துப் பாருங்கள்.

#12 திண்ணைவாசி

கத்தரி சார் சொன்ன கண்ணியம் பற்றி யோசித்தேன். சரிதான், சோகத்தை மதிப்பெண்ணாக்க நான் நினைக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கணவர் ஸ்ட்ரிங்கர் டேவிஸும் நடிகர்தான். அவருடைய அம்மாவுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்காததால் அந்த அம்மா காலமாகும்வரை காத்திருந்து 1945-இல் மணந்தார்கள். மார்கரெட்டுக்கு அப்போது 52. மார்ப்பிள் படங்களில் கூடவே ஓடிவரும் நூலகர் மிஸ்டர் ஸ்ட்ரிங்கர் அவர்தான், கிறிஸ்டியின் எந்த நாவலிலும் இல்லாத பாத்திரம். மனச்சோர்வு வந்த நாட்களில் பார்த்துக்கொண்டவரும் அவரே. மனைவி 1972-இல் போனார், இவர் அடுத்த வருடமே. ஜெரார்ட்ஸ் கிராஸில் பக்கத்துப் பக்கத்துக் கல்லறை.

இதைத் தெரிந்துகொண்டு அந்தப் படங்களைப் பார்த்தால் துப்பறிவது கண்ணிலேயே படாது. இரண்டு வயதானவர்கள் சேர்ந்து வேலைக்குப் போகிறார்கள், அவ்வளவுதான் தெரியும்.

#13 கத்தரிவெயில்

குயிக்லி காட்சியை இப்போதுதான் பார்த்தேன், இரண்டு முறை. வாயை மூடிக்கொள்கிறேன் என்று சொன்னேன், மூடிக்கொள்கிறேன்.

மார்ப்பிள் விஷயத்தில் மட்டும் மூடமாட்டேன். அது ஹிக்சன்தான். நாளை ராத்திரி 'பிளைத் ஸ்பிரிட்'. நூல்கண்டு சொன்ன துள்ளல் அதில் இல்லையென்றால் இதே திரிக்குத் திரும்பி வருவேன்.

#14 சுண்டல்

இருக்கும் அண்ணே. தலையணை ஒன்று பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரியில் சத்தமாகச் சிரித்தால் வீட்டில் திட்டுவார்கள்.